நூற்றெட்டு மணிகளும் நூறு பந்துகளும்

எண்ணிலா உயிர்க்கெலாம் எண்ணமாய் நின்றோய்,
எண்ணியான் பிழைத்தவை எண்ணாது பொறுத்தோய்,
ஐங்கரத் தொருவனே, அடியேன் நாவினில்
தங்குக; தவறினும் தாங்குக நின்கழலே.

இன்று புரட்டாதி மாதத்து முதற் சனிக்கிழமை. விடியலில் நீராடி, எள்ளெண்ணெய் வார்த்து விளக்கேற்றி, வேலிக் கட்டையின் மேல் ஒரு கவளம் சோறு வைத்தோம். காக்கைக்கென்று வைத்த சோற்றை இவ்வூரின் கறுப்பு வெள்ளை மக்பைப் பறவை வந்து உண்டு போயிற்று. அரை நூற்றாண்டாக இதுவே நடக்கிறது. சனி பகவானும் அதற்கு இணங்கிவிட்டார் என்றே கருதுகிறேன். ஏற்றிய விளக்கு இதை எழுதும்போதும் எரிந்துகொண்டிருக்கிறது. அது எங்கள் வீட்டுக்கு வந்த வரலாற்றைச் சொல்வதற்கு இந்நாளினும் தக்க நாள் வேறில்லை.

எழுபதுகளின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து மெல்பேர்ன் வந்து, டண்டினோங்கில் நீரிறைக்கும் இயந்திரங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் வரைபடம் வரைபவனாகச் சேர்ந்தேன். இன்று நம்மவர் பலர் வீடு கட்டிக் குடியிருக்கும் கிரான்பர்ன் அப்போது மாடுகள் மேயும் வெளி. கும்பிடுவதற்கு ஒரு கோயில் இல்லை. வாரம் முழுவதும் வாய் தமிழ் பேசாது. காலையும் மாலையும் பாடும் பதிகங்களே நாவைத் தமிழில் வைத்திருந்தன.

முதல் மாதம் மதிய உணவு வேளையில் என் மேசைக்கு எவரும் வந்ததில்லை. அது வெறுப்பன்று. என்ன பேசுவதென்று அவர்களுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. ஒருநாள் கடைசல் இயந்திரத்தில் வேலை செய்யும் ஒருவர், கையிலே எண்ணெய்க் கறையோடு, என் எதிரே கதிரையை இழுத்துப் போட்டு அமர்ந்தார். அவர் பேசியது ஆங்கிலம். ஆயினும் என் நினைவு அவர் சொற்களையெல்லாம் எங்கள் ஊர்த் தமிழிலேயே சேமித்து வைத்திருக்கிறது, அவ்வாறே எழுதுகிறேன். நண்பா என்னும் பொருளில் அவர் ஓயாது சொன்ன 'மேற்' மட்டும் மாறவில்லை.

"என்ன மேற், டப்பாவுக்குள்ள என்ன கிடக்கு?"

"இடியப்பம்."

"தின்னுறதோ, இல்லாட்டிக் கயிறு திரிக்கிறதோ?"

ஒரு பிடி எடுத்து உண்டார். சம்பலின் உறைப்பில் கண்ணீர் வழிய, "கயிறுதான்" என்றார். மறுநாளும் வந்தார். என் மனைவி ஊரிலிருந்து வந்து சேர்ந்த பின், நாங்கள் பார்த்த ஏழு வீடுகளும் எங்கள் முகத்தைக் கண்டதும் வாடகைக்குப் போய்விட்டன. அவரும் அவர் மனைவியுந்தான் தங்கள் வளவின் பின்புறத்திலிருந்த இரண்டறை வீட்டைத் தந்தார்கள். நாங்கள் குடிபுகுந்த அன்று அந்த அம்மையார் எங்கள் குசினியில் உருளைக்கிழங்கு ஒரு கூடையும் கம்பளிப் போர்வை இரண்டும் வைத்துவிட்டுச் சொல்லாமற் போயிருந்தார்.

என் நண்பர் பேஸ்போல் ஆடுபவர். அக்காலத்தில் இங்கே அது குளிர்கால விளையாட்டு. கிரிக்கெட் ஓய்ந்த மைதானங்களில் சனிக்கிழமைகளில் ஆடுவர். பந்தை எறிபவரைப் பிட்சர் என்பர். சிறு மேடொன்றில் நின்று அவர் எறிய, எதிரணியில் ஒருவர் தடியால் அடிக்க முயல்வார். என் நண்பரே எங்கள் தொழிற்சாலை அணியின் பிட்சர். என் கையெழுத்து நன்றென்று புள்ளிப் புத்தகத்தை என்னிடம் கொடுத்தார்கள். மைதானத்தில் எல்லோருக்கும் நான் 'புரொபெசர்' ஆனேன்.

நண்பருக்குப் பழைய சாதனைகளில் தீராத மோகம். பிட்சர்களின் கணக்குகள் நிறைந்த, மூலை மடிந்த அமெரிக்கப் புத்தகம் ஒன்று அவருடைய மேலங்கிப் பையில் எப்போதும் இருக்கும். தேநீர் வேளையில் புதிர் போடுவார்.

"முழு ஆட்டத்தையும் ஒரு பிட்சரே எறிஞ்சு முடிக்க ஆகக் குறைஞ்சது எத்தினை பந்து வேணும், சொல்லும் பாப்பம்."

இன்னிங்ஸ் ஒன்பது, ஒவ்வொன்றிலும் மூவர் ஆட்டமிழக்க வேண்டும். தலைக்கு ஒரு பந்து என்றால் இருபத்தேழு என்றேன்.

"பிழை. இருபத்தஞ்சு. வேற ஊருக்குப் போய் ஆடித் தோக்கிறவன் எட்டு இன்னிங்ஸ்தான் எறிவான். முன்னுக்கு நிக்கிற வீட்டுக்கார அணி ஒன்பதாவதை அடிக்கத் தேவையில்லை. எட்டு மூண்டு இருபத்துநாலு. அவையள் வெண்ட ஓட்டத்தை அடிச்ச பந்து ஒண்டு." பிறகு தேநீரை உறிஞ்சிக்கொண்டு, "தோக்க மனமிருந்தால் ரெண்டு பந்து மிச்சம், மேற்" என்றார்.

நான் விடவில்லை. எங்களுக்கு நட்சத்திரம் இருபத்தேழு என்றும், ஒவ்வொன்றுக்கும் நான்கு பாதம் என்றும், ஆகவே செபமாலைக்கு மணி நூற்றெட்டு என்றும் சொன்னேன். அவர் சற்று யோசித்தார். "ஒரு ஆளை வெளியேத்த நாலு பந்து. நல்ல பிட்சருக்கு அதுதான் அளவு. உங்கட முனிவர்மார் ஆட்டம் தெரிஞ்ச ஆக்கள்" என்றார்.

அவருக்கு எட்டாத சாதனை ஒன்று இருந்தது. ஒன்பது இன்னிங்சிலும் எதிரணியினர் ஒருவரும் தம் பந்தை அடித்து முதல் தளம் சேராதபடி எறிந்து முடிப்பது. நோ-ஹிட்டர் என்பார்கள். பதினான்கு ஆண்டு எறிந்தும் அது அவருக்கு வாய்க்கவில்லை.

அடுத்த பருவம் தொடங்குமுன் அவர் மனைவி எங்கள் வீட்டுக்கு வந்தார். நண்பரின் வலத்தோளில் தசை கிழிந்து கோடை முழுவதும் சிகிச்சையில் இருந்ததை அறிவோம். அந்த அம்மையார் கதிரையின் விளிம்பிலே அமர்ந்து சொன்னார்:

"திருப்பிக் கிழிஞ்சால் கையைத் தோளுக்கு மேல தூக்கேலாது எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். கையில்லாட்டி அவருக்கு வேலையில்லை. எறியாதையுங்கோ எண்டால் கேக்கிறாரில்லை. ஒரு ஆட்டத்துக்கு நூறு பந்துக்கு மேல வேண்டாம் எண்டு டொக்டரும் நானும் அவரும் ஒரு உடன்பாட்டுக்கு வந்திருக்கிறம். நான் பாத்துக்கொண்டிருந்தால் பயத்தில எண்ணிக்கை தப்பிப் போகுது. நீங்கள் எண்ணுங்கோ. நூறு வந்ததும் வெள்ளைக் கைக்குட்டையைத் தூக்கிக் காட்டுங்கோ. பயிற்றுநர் அவரைக் கூப்பிட்டிடுவார்."

எங்கள் புள்ளிப் புத்தகத்தில் எறிந்த பந்துகளுக்கென ஒரு கட்டமும் கிடையாது. அந்நாளில் எங்கள் ஆட்டங்களில் எவரும் எண்ணியதில்லை. நான் எண்ணுவதாக வாக்குக் கொடுத்தேன். ஒரு மனிதரின் வலக்கை என் விரல் நுனியில் வந்து அமர்ந்தது.

எண்ணுவதற்கு நான் அறிந்த வழி ஒன்றே. மடிமேல் விரித்த கம்பளியின் கீழே உருத்திராக்க மாலையை வைத்துக்கொள்வேன். அவர் ஒரு பந்தை எறிய, ஐந்தெழுத்தை ஒருமுறை மனத்துட் சொல்லி, ஒரு மணியைத் தள்ளுவேன். புத்தகத்தில் எழுதும்போது இடக்கை அந்த மணியைப் பிடித்திருக்கும். எங்கள் அணி அடிக்கும் நேரத்தில், நின்ற இடத்தில் நூலிலே ஓர் ஊக்கைக் குத்தி வைப்பேன். மாலை முடிந்து தலைமணியாகிய மேரு மணி விரலில் தட்டியதும் கைக்குட்டை உயரும்.

என் மனைவிக்கு இது பிடிக்கவில்லை.

"இஞ்சருங்கோ, சாமி மாலையிலயோ பந்தெண்ணுறியள்?"

"பந்தையில்லையப்பா, மந்திரத்தைத்தான் எண்ணுறன். பந்து எறியிறபோது சொல்லுறன், அவ்வளவுதான்."

"அப்ப பந்தை எண்ணுறது ஆர்?"

நான் நகைத்துவிட்டு வெளியே போனேன். அக்கேள்வியை அன்றே நின்று கேட்டிருக்க வேண்டும்.

அப்பருவத்தில் ஐந்து ஆட்டங்களில் மேரு மணி வரை சென்றேன். ஐந்திலும் கைக்குட்டையை உயர்த்தினேன். பயிற்றுநர் நடந்து போய்ப் பந்தை வாங்கிக்கொள்வார். நண்பர் முணுமுணுத்துக்கொண்டு என்னைக் கடந்து போவார். ஒருமுறை நின்று, "உம்மட கடவுள் ஒரு பந்து கூடத் தரமாட்டாரோ?" என்று கேட்டார். எல்லையில் அமர்ந்திருந்த அவர் மனைவியோ, கைக்குட்டையைக் கண்டதும் பொத்தியிருந்த கண்ணைத் திறந்து என்னை நோக்கித் தலையசைப்பார். அந்தத் தலையசைப்புக்காக நான் உள்ளூரப் பெருமை கொண்டேன் என்பதை மறைப்பதற்கில்லை.

பருவத்தின் இறுதி ஆட்டம் புரட்டாதி முதற் சனிக்கிழமையில் வந்தது. எள்ளெண்ணெய்க்காக ஊரெல்லாம் அலைந்து, சீனக் கடையொன்றில் ஒரு போத்தல் வாங்கியிருந்தேன். வறுத்த எள்ளில் ஆட்டிய கறுத்த எண்ணெய் அது. எங்களிடம் விளக்கு இல்லாமையால் தேநீர்த் தட்டிலே திரியிட்டு ஏற்றினோம். வீடும் போர்வையும் என் மேலங்கியும் அந்த மணத்தில் ஊறிப் போயின.

எதிரணியின் புள்ளிப் புத்தகக்காரர் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர். இரு அணியின் கணக்கரும் ஒரே வாங்குப் பலகையில் அமர்வது வழக்கம். அவர் என் பக்கத்தில் அமர்ந்ததும் மூக்கை உறிஞ்சினார்.

"குறை நினையாதையுங்கோ. உங்கட கோட்டுக்குள்ள ஆரும் நூடில்ஸ் வறுக்கினமோ?"

"இண்டைக்கு எங்களுக்கு விரத நாள், அம்மா. எண்ணெய் விளக்கு வைச்சனாங்கள்."

"அப்பிடியோ. பசி வருகுது" என்று சொல்லி, பையிலிருந்து உள்ளங்கையளவான வெள்ளி நிறக் கருவியொன்றை எடுத்தார். பொத்தானை அழுத்தினால் 'கிளிக்' என்று ஓரெண் கூடும். பட்டிக்குள் ஆடுகள் நுழையும்போது தலையெண்ணுவதற்குத் தம் தமையனார் வைத்திருந்தது என்றார். எதிர்ப் பிட்சர் எறியும் பந்துகளை அதிலே எண்ணுவாராம். களைக்கும் நேரத்தை அறிந்து தம் அணியினரைப் பொறுத்து அடிக்கச் சொல்வதற்காம்.

அன்று நண்பரின் பந்து வேறொரு கையிலிருந்து வருவது போல வந்தது. நான்காம் இன்னிங்ஸ் முடிந்தது. எவரும் அடித்துத் தளம் சேரவில்லை. ஆறாவதும் முடிந்தது. எங்கள் அணியினர் அவரிடமிருந்து விலகி உட்காரத் தொடங்கினர். நோ-ஹிட்டர் நடந்துகொண்டிருக்கும்போது அதைப் பற்றி வாய் திறப்பதில்லை என்பது அவர்களின் கட்டுப்பாடு. பிட்சரோடு பேசவும் மாட்டார்கள். மௌனத்தின் பயனை அறிந்த எனக்கு அந்த வழக்கம் மிக மேலானதாகத் தோன்றியது. வாங்கில் மணி தள்ளும் ஓசையும் 'கிளிக்' ஓசையுமே கேட்டன.

ஒன்பதாம் இன்னிங்ஸ். இருவர் ஆட்டமிழந்தனர். இருபத்தாறு நட்சத்திரங்கள் கடந்து ரேவதி ஒன்றே மிச்சமிருந்தது. அடுத்தவருக்கு நண்பர் முதற் பந்தை எறிந்தார். அடிப்பவர் வீசித் தவறினார். ஆசிரியை தம் உள்ளங்கையைப் பார்த்தார்.

"நூறு எறிஞ்சிட்டார். அப்பிடியிருந்தும் எங்கட ஆக்களாலே தொடேலாமல் கிடக்கு."

"நூறாகேல்லை, அம்மா" என்றேன். என் மாலை முடியவில்லையே. விரலால் தடவிப் பார்த்தேன். மேருவுக்கு இன்னும் எட்டு மணிகள் இருந்தன.

எட்டு.

தீட்சை பெற்ற பதினாறாம் வயதிலிருந்து எனக்கு ஊறிய வழக்கம் இது. நூற்றெட்டு உருச் செய்தால் நூறென்றே கொள்ளவேண்டும். எஞ்சிய எட்டும் மனம் சிதறிச் சொன்னவற்றுக்கு ஈடாக இறைவனிடம் விடப்படும். ஒரு மாலை நூறு. பத்து மாலை ஆயிரம். தேநீர் மேசையில் நூற்றெட்டு என்று நண்பருக்கு நானே விளக்கியவன், மாலையைக் கையிலெடுத்ததும் அதை நூறென்றே உருட்டியிருக்கிறேன். என் கவனம் பிழைத்ததற்கு ஈடாக வைத்த எட்டை, ஐந்து ஆட்டங்களில், இன்னொருவரின் தோளிலிருந்து எடுத்துச் செலுத்தியிருக்கிறேன்.

இப்போது ஒரே ஓர் ஆள் மிச்சம். அவரை வெளியேற்ற எட்டுப் பந்து தாராளம். நான் வாளாவிருந்தால் எவரும் அறியார். ஆசிரியைக்கு எங்கள் உடன்பாடு தெரியாது. பதினான்கு ஆண்டுத் தவம் நண்பரின் கைக்கெட்டும் தூரத்தில் நின்றது. எல்லையில் அவர் மனைவி இரு கைகளாலும் கண்ணைப் பொத்தியபடி இருந்தார். அவர் பார்க்காதிருந்தது நான் பார்க்கிறேன் என்ற நம்பிக்கையில்.

கைக்குட்டையை உயர்த்தினேன்.

பயிற்றுநர் என்னைப் பார்த்தார், வேறு பக்கம் திரும்பினார், மீண்டும் பார்த்தார். நான் கையை இறக்கவில்லை. அவர் தலையைத் தொங்கவிட்டுக்கொண்டு மேட்டை நோக்கி நடந்தார். எங்கள் பக்கத்து ஆட்களே கூச்சலிட்டனர். "புரொபெசர், கண் தெரியேல்லையோ?" என்றது ஒரு குரல். நண்பர் பந்தை உடனே கொடுக்கவில்லை. என்னையே நோக்கி நின்றார். பிறகு பந்தைப் பயிற்றுநரின் கையில் வைத்துவிட்டு நேரே வண்டிக்குப் போனார்.

மாற்றுப் பிட்சரின் இரண்டாம் பந்தை அந்த ஆட்டக்காரர் அடித்து முதல் தளம் சேர்ந்தார். அதன்பின் ஒருவர் ஆட்டமிழக்க, நாங்கள் வென்றோம். அந்த அடியைப் புத்தகத்தில் என் கையாலேயே எழுதினேன். ஆசிரியை தம் புத்தகத்தை மூடி, "அந்த மனுசனுக்கு என்ன நடந்தது?" என்று கேட்டார். நான் என் புத்தகத்தை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

மறுநாட் காலை அவர்களின் குசினிக்குச் சென்றேன். உறைந்த பட்டாணிப் பை ஒன்றை நண்பரின் தோளில் வைத்துப் பிடித்திருந்தார் மனைவி. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்: மாலை, மேரு, நூற்றெட்டு, நூறு. "ஒருமுறை கேட்டனீர், என்ரை கடவுள் ஒரு பந்து கூடத் தரமாட்டாரோ எண்டு. அவர் எட்டுத் தந்தவர். எனக்குத்தான் தெரியேல்லை."

நண்பர் மேசையைப் பார்த்தபடி கணக்குப் போட்டார்.

"அப்ப நேற்று நீர் வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருந்தால் எனக்கு இன்னும் எட்டு இருந்தது."

"ஓம்."

"ஆருக்கும் தெரிஞ்சிராது."

"எனக்குத் தெரிஞ்சிட்டுது."

அவர் மனைவி பட்டாணிப் பையை மேசையில் வைத்தார். "ஐஞ்சு ஆட்டம். நாப்பது பந்து. நான் உங்களை நம்பித்தானே கண்ணை மூடிக்கொண்டு இருந்தனான்" என்றார். குரல் உயரவில்லை. அவ்வளவு கடுமையான சொல்லை நான் அதற்கு முன்னும் பின்னும் கேட்டதில்லை. கைகூப்பி நின்றேன்.

நண்பர் என் பக்கம் திரும்பினார்.

"அந்த எட்டும் ஆருக்கெண்டு சொன்னனீர்?"

"மனமில்லாமல் சொன்ன மந்திரங்களுக்கு ஈடு."

"ம். நானும் ஒரு ஆட்டத்தில எட்டுப் பந்தெண்டாலும் மனமில்லாமல்தான் எறியிறனான்." இதழோரம் மெல்ல நெளிந்தது. "நேற்று மட்டும் அப்பிடி ஒரு பந்தும் இல்லை. நூறும் மனத்தோட எறிஞ்சது. நூறெண்டால் நூறுதான். நீர் சரியாத்தான் நிப்பாட்டினீர், பாழாய்ப் போவார்."

பிறகு சிரித்தார், தோள் வலித்து, சிரிப்பை நிறுத்தினார். "தோக்க மனமிருந்தால்..." என்று தொடங்கியவர் முடிக்கவில்லை. அவர் மனைவி பையை எடுத்து மீண்டும் தோளில் வைத்தார். என்னைப் பார்த்து, "இருங்கோ. தேத்தண்ணி போடுறன். அடுத்த முறை அந்த ஆடெண்ணுற மெஷின் ஒண்டு வாங்கிக்கொண்டு வாங்கோ" என்றார். அமர்ந்தேன். அந்தத் தேநீரைப் போன்ற பிரசாதம் எந்தத் தலத்திலும் நான் பெற்றதில்லை.

அன்று இன்னும் சில பந்துகள் எறிந்திருந்தால் தோள் கிழிந்திருக்குமா என்பது எவருக்கும் தெரியாது. மருத்துவர் பார்த்துவிட்டு, இருக்கும் தோளைப் பேணச் சொன்னார். நண்பர் அதன்பின் மேட்டில் ஏறவில்லை. முதல் தளத்தில் நின்று பந்து பிடித்தார். நோ-ஹிட்டர் அவருக்கு வாய்க்கவே இல்லை. ஆனால் அந்த வலக்கை, அவர் ஓய்வுபெறும் நாள் வரை கடைசல் இயந்திரத்தில் வேலை செய்தது.

அவ்வாண்டு கார்த்திகை விளக்கீட்டுக்கு முந்திய நாள், பழைய செய்தித்தாளிற் சுற்றிய கனமான பொருளொன்றை எங்கள் மேசையில் வைத்தார். எஞ்சிய பித்தளைத் தண்டுகளைக் கொண்டு மதிய இடைவேளைகளில் தாமே கடைந்த விளக்கு. எங்கள் குத்துவிளக்குகளை அவர் கண்டதில்லை; நான் ஒருநாள் தாளின் ஓரத்தில் கிறுக்கிய படத்தை மட்டும் வைத்துச் செய்திருந்தார். அன்னம் இருக்கவேண்டிய உச்சியில் உருண்டையாக ஒரு பந்து இருந்தது. தண்டைச் சுற்றி மேலிருந்து கீழாக மெல்லிய வளையங்கள்.

"தேத்தண்ணித் தட்டில நெருப்பு வைக்காதையும், மேற். வீடு என்ரை" என்றார்.

அந்த விளக்கே இன்று எரிகிறது. அதைக் கடைந்த கையும், தோளைப் பிடித்திருந்த கையும் இறைவனடி சேர்ந்துவிட்டன. தண்டில் எத்தனை வளையங்கள் என்று நான் எண்ணியதில்லை. துலக்கும்போது என் மனைவி எண்ணியிருக்கிறார். கேட்டால், "உங்களுக்கு எண்ணத் தெரியாது, விடுங்கோ" என்று சொல்லிப் போய்விடுவார்.

அந்நியன் எதிரே கதிரை இழுத்துப் போட்டு அமர்ந்தவர் நினைவாகவும், தன் பிழையைச் சொன்னவனை இருக்கச் சொன்ன தாயின் நினைவாகவும் இதை எழுதினேன். வாசிக்கும் உங்கள் தோள்கள் உழைப்பில் தளராதிருக்கட்டும். நீங்கள் நம்பிக் கண்மூடும் நேரத்தில் உங்களுக்காக எண்ணுபவர் ஒருவர் அமையட்டும். உங்கள் எண்ணிக்கை தவறுமிடத்தில், எட்டு மணி இடைவெளியோடு, இறைவன் அருள் நிற்கட்டும். வாழ்க, உங்கள் இல்லமெல்லாம் விளக்கொளி பொலிக.